நேற்றே தெரிந்த செலவு

மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டில் கோர்ட் கூடும். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு ஷூ டப்பாவை எடுத்து வந்து சமையலறை மேசை மேல் வைப்பாள் அக்கா. உள்ளே பழுப்புக் கவர்கள் வரிசையாக நிற்கும். வாடகை, கரண்ட், பால், பள்ளிக்கூடம், பஸ், மருந்து, டூல்ஸ் என்று ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரு பெயர் இருக்கும். கடைசிக் கவர் மட்டும் வாய் ஒட்டி, டேப் போட்டு, டேப்பின் மேல் குறுக்காக அவளும் மாமாவும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதன் பெயர் அவசரம்.

அதை இஷ்டத்துக்குப் பிரித்துவிட முடியாது. பணம் வேண்டியவர் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அக்கா இரண்டே கேள்வி கேட்பாள். "நேத்தே தெரியுமா? நாளைக்குத் தள்ள முடியாதா?" நேற்றே தெரிந்திருந்தால் அது அவசரம் இல்லை, திட்டம் போடாத சோம்பேறித்தனம். நாளைக்குத் தள்ள முடிந்தால் அதுவும் அவசரம் இல்லை, வெறும் ஆசை. இரண்டிலும் தேறி, கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் தலையாட்டினால்தான் டேப் கிழியும். அந்த இரண்டு கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா ஒரு பெரிய கடையில் பில் போடும் கவுண்டரில் இருந்தாள். அவள் புருஷன், அதாவது என் மாமா, ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது, மழை பிடித்தால் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அதனால் அந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும் முதலில் வரும் பதில், "வெயில் வரட்டும்." அவர்களுக்கு ஒரே பெண், ஒன்பதாம் வகுப்பு. வாயும் குறும்புமாகத் திரிந்ததால் அவளுக்கு வாலு என்று பெயர். மாதக்கணக்குக்குக் கோர்ட் என்று பெயர் வைத்தவள் அவள்தான். அக்காவை ஜட்ஜம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது மாமா. எனக்கு அந்த வீட்டில் பெயர் ஓட்டைக்கை. நான் இரண்டு தெரு தள்ளி ஒரு பார்லரில் முடி வெட்டுகிறேன். சம்பளம் வந்த வாரம் மகாராணி, மிச்ச வாரமெல்லாம் அக்கா வீட்டுச் சோறு. பெயர் பொருத்தமானதுதான், நான் கோபித்துக்கொண்டதில்லை.

அக்கா பிறக்கும்போதே கறாராகப் பிறந்துவிடவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாடி வீட்டு வெளிச்சுவரில் ஏசி மாட்டிக்கொண்டிருந்த மாமா, பிடி நழுவிக் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். கையில் சல்லிக் காசு இல்லை. வட்டிக்கு வாங்கித்தான் காலில் கம்பி வைத்தார்கள். வட்டிக்காரன் வீட்டுக்கு வந்து கத்துகிற ரகம் இல்லை. கடைக்கு வருவான். ஒரே ஒரு சோப்பை எடுத்துக்கொள்வான். பக்கத்துக் கவுண்டர்கள் ஈயாடிக்கொண்டிருந்தாலும் அக்காவின் வரிசையில்தான் வந்து நிற்பான். முறை வந்ததும் சோப்பை வைத்துவிட்டு, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "எப்பம்மா?" என்பான். பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் அக்காவைப் பார்ப்பார்கள். அவள் சோப்புக்குப் பில் போட்டு, மீதிச் சில்லறையை எண்ணி அவன் கையில் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு நாள் எண்ணிக்கை தவறி யாருக்கோ நோட்டைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் கணக்கு உதைத்தது, சம்பளத்தில் பிடித்தார்கள்.

கழுத்தில் கிடந்த செயினையும் வீட்டிலிருந்த ஃபிரிட்ஜையும் விற்றுக் கடனை அடைத்த மாதம், அக்கா ஒரு கட்டுக் கவர் வாங்கி வந்தாள்.

"இனிமே எவனும் சோப்பைத் தூக்கிக்கிட்டு என் வரிசையில வந்து நிக்கக் கூடாது" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கோர்ட்.

வழக்குகள் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும். மாமாவின் ஷூ வழக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஜட்ஜம்மா, ஷூ அடி வாயைப் பிளந்துக்கிச்சு. தண்ணி உள்ள வருது."

"எப்பப் பிளந்துச்சு?"

"போன வாரமே லேசா..."

"நேத்தே தெரியும்ல? தள்ளுபடி."

மாமா ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை ஷூவுக்குச் சுற்றினார். மழைக்காலத்தில் கிடைத்த ஒன்றிரண்டு வேலைக்கும் அதோடுதான் ஏணி ஏறினார். வாலு பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கேட்டாள். நோட்டீஸ் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தள்ளுபடி. அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு தடவை மனுப் போட்டேன்.

"வீட்டுக்காரம்மா அட்வான்ஸை ஏத்திட்டாக்கா. இன்னைக்குக் காலைலதான் சொன்னா. திடீர்னு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. போன மாசம் இதே நாற்காலியில உக்காந்து நீதான் பொலம்பினே."

"சித்தி, பொய் சொல்றதுக்கும் பிளான் வேணும்" என்று வாலு சிரித்தாள்.

இதைச் சொல்வதால் அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நாள் வாலு பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து மோவாயைப் பிளந்துகொண்டு வந்தாள். சட்டை முழுக்க ரத்தம். அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து, நோட்டுகளை எண்ணாமல் அள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தையல் போட்டு வந்த பிறகு மிச்சத்தை எண்ணி, புது டேப் ஒட்டி, மாமாவிடம் கையெழுத்து வாங்கினாள். "பாத்தியாடி, இதுக்குத்தான் வச்சிருக்கறது" என்றபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. ஓடி வருகிற ஆபத்துக்கு அந்தக் கவர் நன்றாகத்தான் வேலை செய்தது.

அதற்கடுத்த வருஷம் மழை விடாமல் பிடித்தது. மாமா வாரத்தில் பாதி நாள் வீட்டில் உட்கார்ந்து ஃபேனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கவர்கள் எல்லாம் ஒட்டிப்போன வயிறாக டப்பாவில் சாய்ந்து கிடந்தன. அந்த மாதக் கோர்ட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா டப்பாவை மூடப் போனவள் நிறுத்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள்.

ஜட்ஜே மனுக் கொடுக்கிறாளா என்று மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"ஒரு செலவு இருக்குன்னு வச்சுக்குங்க. திடீர்னு வரல, மெதுவா வருது. இன்னைக்கே செய்யணும்னும் இல்ல. அதை எந்தக் கவர்ல சேக்கறது?"

மாமா தாடையைத் தடவினார். "மெதுவா வருதா? நம்ம வீட்டுக்கு எல்லாச் செலவும் மூச்சு வாங்க ஓடியில்ல வரும்! ரொம்ப மரியாதை தெரிஞ்ச செலவா இருக்கே. வெயில் வர்ற வரைக்கும் அப்படியே மெதுவா வரச் சொல்லு."

வாலு கரண்டியை எடுத்து மேசையில் தட்டினாள். "தள்ளுபடி!"

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அக்காவும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். என்ன செலவு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அது அவள் வலது மாரில் இருந்த ஒரு கட்டி. அப்போது பட்டாணி அளவுதான் இருந்ததாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு முழு நாள் கேட்பார்கள். விடிவதற்கு முன் போய் வரிசையில் நின்றால் சாயங்காலம்தான் வெளியே வரலாம், அதுவும் ஒரு நாளோடு முடியாது. கடையிலோ மாதம் ஒரு நாள் லீவு போட்டாலும் ஊக்கத்தொகை போய்விடும். வாலுவின் பள்ளிக்கூடக் கவருக்கு அந்த ஊக்கத்தொகையில்தான் சோறு. மழைக்காலத்தில் அதைத் தொட்டால் பிள்ளையின் படிப்பில் கை வைத்த மாதிரி. வலிக்கவும் இல்லை. ஆக, எல்லாவற்றையும் போல அதற்கும் அக்கா சொல்லிவிட்டாள், வெயில் வரட்டும்.

வெயில் வந்தது. அந்த மாதிரி ஒரு வெயிலைச் சமீபத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தெருவுக்குத் தெரு ஏசி படுத்தது. மாமாவின் போன் அடித்து ஓயவில்லை. அக்கா ஒவ்வொரு கவராக நிரப்பினாள், மழையில் சாப்பிட்ட பள்ளத்தையெல்லாம் மூடினாள், அவசரம் கவர் விரலால் மடக்க முடியாத அளவுக்குத் தடித்தது. பணம் வந்தும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இந்த மாதம் வாடகைப் பாக்கி, அடுத்த மாதம் மாமாவுக்கு ஏணி, அதற்கடுத்த மாதம் வாலுவுக்குப் புத்தகம் என்று வரிசையில் தனக்கு முன்னால் எல்லாரையும் விட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் கண்டுபிடித்தது தற்செயலாக. ஒரு ஷாம்பூ வாங்க அவள் கடைக்குப் போனேன். அவள் வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா தள்ளுவண்டி நிறையச் சாமான் வைத்திருந்தாள். அக்கா எண்ணெய் டப்பாவை இடது கையால் இழுத்தாள். மாவுப் பையையும் இடது கையால் இழுத்தாள். வலது கையை மடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பையே திருப்பித் திருப்பிப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கையைத் தூக்கி நிற்கிற தொழில் எனக்கு. வலிக்கிற தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது தோள் வலி இல்லை.

டீ குடிக்க விடும் நேரத்தில் அவளைக் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு இழுத்துப் போனேன். யூனிஃபார்ம் சட்டைப் பித்தானைக் கழற்றச் சொன்னேன். முதலில் பிடி கொடுக்காமல் ஏதோ சொன்னாள். நானே கழற்றினேன். தோல் சுருங்கி, உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் புண்ணாகி இருந்தது. அதன் மேல் துணியை நாலாக மடித்து வைத்திருந்தாள், சட்டையில் கறை படாமல் இருக்க. நான் அலறிவிட்டேன்.

"சத்தம் போடாதடி, சூப்பர்வைசர் வந்துருவாரு."

"எப்பத்திலருந்து?"

"மழைக்கு முன்னாடிலருந்து."

"காசு இல்லையா உனக்கு? அவசரம் கவர் தலகாணி மாதிரி கெடக்கே!"

அக்கா பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "நேத்தே தெரியும்லடி எனக்கு. கேக்கலாம்னு நெனைக்கிற ஒவ்வொரு நாளும், அது நேத்தே தெரிஞ்சதா இருந்துச்சு."

"சட்டம் போட்டவளே நீதானேக்கா!"

"அதனாலதான். அந்த மனுஷனை டேப் சுத்தின ஷூவோட ஏணி ஏற விட்டுட்டு, பிள்ளையை டூருக்கு அனுப்பாம அழ வச்சிட்டு, எனக்குன்னு வர்றப்ப மட்டும் எப்படி நான் கவரைப் பிரிக்கறது? என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

அவளை அறைந்துவிடலாமா என்று வந்தது. கட்டிக்கொண்டு அழவும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை, மாமாவுக்குப் போன் போட்டேன்.

ஸ்கேனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிக் கொடுத்தார்கள். மாமா வீட்டுக்குப் போய் அவசரம் கவரை யாரையும் கேட்காமல் கிழித்தார். தனியாரிடம் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். எலும்புக்குப் போய்விட்டது என்றாள், ஈரலுக்கும் போய்விட்டது என்றாள்.

"முன்னாடியே வந்திருக்கலாமேம்மா. ஆரம்பத்துல வந்திருந்தா இது எடுத்துடற விஷயம்."

"எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்றாள் அக்கா.

"இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லைங்க. வலி தெரியாம பாத்துக்கலாம். செலவு பெருசா ஒண்ணும் இருக்காது."

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். நான் என் காதால் கேட்டேன் அந்த மூச்சை. அந்த அறையில் மேசை, நாற்காலி, சுவரில் மாட்டியிருந்த காலண்டர், எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. மாமா கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் காகிதங்களை எடுத்துக்கொண்டு மாமா தனியாக அலைந்தார். போன இடமெல்லாம் அதே பதில். ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் ஏதோ புது மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்களாம். எவ்வளவு என்று கேட்டால், அவர்கள் வாழ்நாள் முழுக்க நிரப்பினாலும் நிரம்பாத கவர். கடன் வாங்கியாவது பார்க்கலாம் என்று மாமா வந்து நின்றார்.

"உயிர் தங்குமா அதுல?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நாள் கூட இருக்கலாம்னு சொல்றாங்க."

"கொஞ்ச நாள் நான் கூட இருந்துட்டுப் போனப்புறம், அந்தச் சோப்புக்காரன் வாலு வேலை பாக்கற எடத்துல போய் நிப்பான். வேணாங்க."

மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "மரியாதை தெரிஞ்ச செலவுன்னு சொன்னேனே... மெதுவா வரச் சொல்லுன்னு சொன்னேனே..." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா எழுந்து போய் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்தாள், இடது கையை. "நீங்க என்ன ஜோசியமா பாத்தீங்க? சிரிச்சதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா?" என்றாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு வந்தது. கோர்ட் வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம். அக்கா கேட்கவில்லை. ஸ்கேனுக்குப் போக மிச்சமிருந்த பணத்தை எண்ணி, புதுக் கவரில் போட்டு, அவசரம் என்று எழுதி, டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். வலது கை எழும்பவில்லை, எழுத்து கோணிக்கொண்டு போனது. மாமாவையும் போட வைத்தாள். பிறகு இன்னொரு புதுக் கவரை எடுத்து அதன் மேல் "நான்" என்று எழுதினாள்.

எத்தனையோ வருஷமாக அந்த டப்பாவைப் பார்த்திருக்கிறேன். பாலுக்குக் கவர் உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, மாமாவின் திருகாணிக்கும் ஸ்பேனருக்கும் உண்டு. அவள் பெயரில் ஒரு கவர் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எதுக்கும்மா இது?" என்றாள் வாலு.

"கடைசிச் செலவுக்கு. வண்டி, பெட்டி, வர்றவங்களுக்கு டீ, எல்லாம் இருக்குல்ல. அன்னைக்குப் போய் அவசரம் கவரைப் பிரிச்சுடாதீங்க. இதுதான் நேத்தே தெரிஞ்சிருச்சே. தெரிஞ்ச செலவுக்குத் தனியாத்தான் சேக்கணும்."

சிரிக்கத்தான் சொன்னாளோ என்னவோ. வாலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே ஓடினாள். மாமா அந்தக் கவரில் ஒரு காசும் போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அக்கா அவரோடு சண்டை போடவில்லை. பாலைக் குறைத்தாள், தான் குடிக்கிற டீயை விட்டாள். படுக்கையில் கிடந்தபடியே அதை நிரப்பினாள். படுத்தே கிடந்து முடி சிக்குப் பிடித்ததும் நான் போய் ஒட்ட வெட்டிவிட்டேன். "பார்லர்ல இதுக்கு எவ்வளவுடி வாங்குவே?" என்றாள். சொன்னேன். "கொள்ளை" என்றாள்.

வெயில் தணிவதற்கு முன்னால் போய்விட்டாள்.

"நான்" கவரில் இருந்த பணம் எல்லாவற்றுக்கும் சரியாக இருந்தது. வண்டிக்காரருக்குக் கொடுத்து, பெட்டிக்குக் கொடுத்து, வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கடைசியில் கொஞ்சம் சில்லறையும் மிஞ்சியது. மாமா அந்தச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றார். வந்திருந்த அவள் கடைப் பெண்கள், குடும்பத்துக்குப் பாரமில்லாமல் எவ்வளவு நேர்த்தியாகப் போனாள் பார் என்று பாராட்டினார்கள். நேர்த்தியாம். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அங்கே பெரிய சண்டை நடந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடப் போகவில்லை, சமைக்கப் போனேன். மாமா வேலையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஞாயிறு என்றும் பார்க்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாலுவை வாலு என்று கூப்பிட வாய் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், பாலுக்குக் கணக்குப் பார்த்தாள். ஷூ டப்பாவை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மாமா கொண்டுவந்து போடுகிற பணத்தைக் கவர் கவராகப் பிரிப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நானும் அவளும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றைச் சின்னச் சின்னதாக எடுத்து இடது பக்கமாகவே மென்றாள். தண்ணீரையும் தலையைச் சாய்த்து இடது பக்கமாகவே குடித்தாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா இடது கையால் இழுத்த எண்ணெய் டப்பா கண் முன்னால் வந்தது.

"வாயைத் திற."

"ஒண்ணும் இல்ல சித்தி."

"திறடி!"

திறந்தாள். வலது கடைவாயில் ஒரு பல் கறுத்துக் குழி விழுந்து, ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. குழிக்குள் பஞ்சை அடைத்து வைத்திருந்தாள். கன்னத்தைத் தொட்டால் கொதித்தது. முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு அந்த வீக்கத்தை எங்கள் இரண்டு பேரிடமும் மறைத்திருக்கிறாள்.

"எப்பத்திலருந்து வலிக்குது?"

"அம்மா படுத்திருந்தப்பவே லேசா இருந்துச்சு."

"ஏன் சொல்லல? உங்கப்பாகிட்டயாவது சொல்லலாம்ல?"

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மருந்து கவர்ல பத்தாது சித்தி. அவசரத்துல கேக்க முடியாது. இது நேத்தே தெரிஞ்சது."

எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து டப்பாவை இழுத்தேன். அவள் எச்சில் கையோடு ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர் ஒத்துக்கணும் சித்தி. வேணாம், டேப்பைக் கிழிக்காதீங்க. அம்மா கையெழுத்து அதுலதான் இருக்கு. அதைக் கிழிச்சிடாதீங்க!"

கோணிக்கொண்டு போன அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். அக்கா, நீ நன்றாக இருப்பாயா என்று வாய்விட்டுத் திட்டினேன், செத்தவளை. கவரைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தை நகத்தால் கிழித்தேன். டேப்பும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. நோட்டுகள் தரையில் கொட்டின. எண்ணாமல் அள்ளிக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். மாமாவுக்குப் போகிற வழியில் போன் போட்டேன். முக்கில் ஒரு பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்திருந்தார்.

அவர் அவளை நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி, கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எத்தனை நாளாம்மா வலி?"

அவள் என் கையிலிருந்த நோட்டுகளை ஒரு தடவை பார்த்தாள்.

"இன்னைக்குக் காலைலருந்துதான் டாக்டர்" என்றாள். "திடீர்னு வந்துச்சு."